விரல் முளைத்துவிட்டதா என்று கேட்டவர்

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே, செவிலியர் கண்காணிப்பாளர் அம்மா அவர்களே, முன்வரிசையில் கண் சிவந்து அமர்ந்திருக்கும், மறைந்தவரின் அன்பு மகளே, வேலையைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வந்திருக்கும் என் சக ஊழியர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நம் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவின் தலைமைக் குறியீட்டாளரை இழந்துவிட்டு இங்கே கூடியிருக்கிறோம். பதவிப் பெயரைச் சொன்னால் நம்மில் பாதிப் பேருக்கு யாரென்று விளங்காது. சீட்டக்கா என்றால் வாசல் காவலர்வரை தெரியும்! நாங்கள் எழுதும் நோய்க் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் பதிவது அவர் வேலை. குறிப்பில் சந்தேகம் வந்தால் மஞ்சள் சீட்டில் ஒரு கேள்வி எழுதி மருத்துவருக்கு அனுப்புவார். அந்தச் சீட்டுகளால் வந்த பெயர் அது.

அதிகச் சீட்டு வாங்கியவன் யார்? சர்க்கரை நோய்ப் பிரிவின் மருத்துவனான நான்தான்! இங்கே பேசுவதற்கு எனக்கு இருக்கும் ஒரே தகுதி அதுதான்.

இந்த மருத்துவமனைக்கு வந்த புதிதில் அவர்மேல் எனக்குக் கடுங்கோபம். "சர்க்கரை நோய்" என்று ஒரு வரி எழுதுவேன். கீழே "கால் மரப்பு" என்று இன்னொரு வரி எழுதுவேன். உடனே சீட்டு வரும். "மரப்பு சர்க்கரையால் வந்ததா? வேறு காரணமா? தெரியவில்லையா?" சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்பு என்று எழுதினால் அடுத்த சீட்டு. "எந்த நரம்பு? பாதமா, இரைப்பையா, இதயமா?" ஒவ்வொன்றுக்கும் தனி எண் இருக்கிறதாம். "வகை குறிப்பிடப்படவில்லை" என்றும் ஓர் எண் உண்டு. அதைப் போட்டுவிட்டுப் போனால் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் அந்த எண்ணைப் போட அவருக்குக் கை வராது!

ஒருநாள் பொறுக்க முடியாமல் கீழே இறங்கிப்போய்ச் சத்தம் போட்டேன். "என்ன நோயின்னு உங்களுக்கே தெரியுதுல்ல? நீங்களே போட்டுக்க வேண்டியதுதானே?"

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார். "எனக்குத் தெரிஞ்சு என்ன சார் ஆகப்போகுது? நீங்க எழுதாததை நான் போட்டா அது கற்பனை. நாளைக்கு வேற டாக்டர் அதை நம்பி மருந்து குடுப்பார்."

எவ்வளவு அமைதியான பதில்! நான் திருந்தினேனா? அதுதான் இல்லை.

எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. போன முறை எழுதிய குறிப்பை அப்படியே நகலெடுத்து இந்த முறைக்கு ஒட்டிவிடுவோம். வெளியே அறுபது பேர் காத்திருக்கும்போது கை தானாக அந்தப் பொத்தானுக்குப் போகும். அப்படித்தான் ஒரு தையல்காரருக்கு ஆறு முறை தொடர்ந்து ஒட்டினேன். "பாதங்களில் உணர்வு இயல்பு. பத்து விரல்களும் நலம்."

அன்று சீட்டு வரவில்லை. அக்காவே மூன்று மாடி ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. தையல்காரரின் கோப்பை என் மேசையில் வைத்து, ரொம்பப் பணிவாகக் கேட்டார். "சார், இவருக்கு விரல் திரும்ப முளைச்சிருச்சா?"

அதே கோப்பில், எட்டு மாதத்துக்கு முன் அறுவைப் பிரிவு எழுதிய தாள் இருந்தது. வலது பாதத்தில் ஒரு விரல் அகற்றப்பட்டது! மருந்து வாங்கும் வரிசையில் நின்றிருந்த தையல்காரரைத் திரும்ப அழைத்து, காலுறையைக் கழற்றச் சொன்னேன். இடது உள்ளங்காலில் பாதி ஊசி ஒடிந்து நின்றது. சுற்றிலும் சீழ். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "இது எப்ப குத்துச்சு?" என்று எங்களைக் கேட்டார். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் அந்தக் கால் போயிருக்கும். அவர் இன்றும் அதே காலால்தான் தையல் எந்திரம் மிதிக்கிறார். அதோ, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்!

அந்தக் காலைக் காப்பாற்றியது யார்? மருத்துவன் நானா? நோயாளியைத் தொட்டுக்கூடப் பார்க்காத சீட்டக்கா அல்லவா? அவரோடு ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தேன் என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை!

இனி நான் சொல்லப்போவதை மகளின் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். அக்காவுக்கும் சர்க்கரை நோய் இருந்தது. என் நோயாளிதான். எழுந்தால் தலைசுற்றல், காரணமில்லாத படபடப்பு என்று அவர் கோப்பில் தனித்தனி வரிகளாக எழுதியிருந்தேன்; எதனால் என்று எழுதவில்லை. சொந்தக் கோப்பைத் தொடக்கூடாது என்பது அவர் பிரிவின் விதி. அதை அவர் மீறவில்லை. அது பக்கத்து நாற்காலியில் வேலை பார்க்கும் இளைய ஊழியரான தங்கையிடம் போனது. "அக்கா ஃபைல்ல நான் போய் எப்படிக் கேள்வி கேக்கிறதுன்னு விட்டுட்டேன் சார்" என்று அந்தத் தங்கை என்னிடம் அழுதார். தவறு அவருடையதல்ல. எழுதிய கை என்னுடையது.

போன வாரம் வேலைக்கு வந்த அக்கா, "லேசா அசதியா இருக்கு, உக்காந்தா சரியாப் போயிரும்" என்றார். இரண்டு மணி நேரத்தில் நம்மைவிட்டுப் போய்விட்டார். "அம்மாவுக்கு நெஞ்சுவலியே வரலையே டாக்டர், எப்படி?" என்று மகள் கேட்டார். கடைசிக் குறிப்பில் "இதயம் நின்றது" என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட்டேன்.

மறுநாள் மஞ்சள் சீட்டு வந்தது. அனுப்பியது அந்தத் தங்கை. "இதயம் நின்றது என்று எழுதியிருக்கிறீர்கள். எதனால்? தெரிந்தால் எழுதவும். தெரியாவிட்டால், தெரியாது என்று எழுதவும்."

இந்த முறை நான் கோபப்படவில்லை. பழைய பக்கங்களையெல்லாம் எடுத்துவைத்து உட்கார்ந்து எழுதினேன். நீண்டகாலச் சர்க்கரை நோய். அதனால் இதய நரம்புகளில் பாதிப்பு. அதனால் வலி தெரியாமலே வந்த மாரடைப்பு. மகளை அழைத்து அதைப் படிக்கக் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்தார். பிறகு நிமிர்ந்தார்.

"டாக்டர், எங்க மாமாவுக்கும் பதினஞ்சு வருஷமா சுகர். எனக்கு ஒரு வலியும் கிடையாதுன்னு பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு."

அன்பர்களே! இன்று முதல் என் பிரிவில் நகலெடுத்து ஒட்டும் வேலை கிடையாது. ஒவ்வொரு முறையும் காலுறையைக் கழற்றுவோம், தொட்டுப் பார்ப்போம், பார்த்ததை எழுதுவோம். எத்தனை சீட்டு வந்தாலும் அன்றே பதில் எழுதுவோம். இது இந்தச் சபை அறிய நான் கொடுக்கும் வாக்கு!

அக்காவின் தம்பியை ஏன் இங்கே காணோம் என்று சிலர் கேட்டீர்கள். அந்த மாமாவை மறுநாளே அழைத்துவந்து சோதித்தோம். வலியே இல்லாத அந்த மனிதருக்கு இரண்டு இரத்தக்குழாய்களில் அடைப்பு. நேற்றுத்தான் சரிசெய்தோம். இப்போது மேல்மாடியில் இருக்கிறார். அக்காவுக்கு அஞ்சலி செலுத்த வரமுடியவில்லையே என்று காலையில் செவிலியரோடு சண்டை போட்டாராம். நல்லாவே சண்டை போடுகிறார் என்று செவிலியர் சொன்னார்.