பத்துச் சுற்றும் மிளகாய் எண்ணெயும்

நாகமணி: காலை ஆட்டாத மாமா! இடது ஆடுசதை இன்னும் பாக்கி.

லிங்கம்: ஆத்தாடி... எரியுது புள்ள! எண்ணெய்ல என்னத்தப் போட்டுக் காய்ச்சுன?

நாகமணி: நாலே நாலு மொளகா.

லிங்கம்: நாலா?

நாகமணி: சரி... ரெண்டு கை. திருச்சுழி மொளகா. தேய்ச்சா காலு கடுக்காது. பேசாம இரு.

லிங்கம்: வெரசாத் தேயி! டாக்டரு ஜன்னல் வழியா எட்டிப் பாக்காரு. போன மாசம் ஓடி முடிச்சதும் கையில பட்டையச் சுத்தி, 'ரத்தக் கொதிப்பு'ன்னு திருப்பி அனுப்புன மனுசன். இன்னைக்கும் ஏறுச்சுன்னா வேலை போச்சு. நூலு வராம தறி நின்னு மூணு மாசம்...

நாகமணி: அப்படி என்ன வேலை? பொண்டாட்டிகிட்டக் கூடச் சொல்லாத வேலை?

லிங்கம்: சர்க்காரு வேலை. ஓடுற வேலை. கிடைக்கட்டும், சொல்றேன்.

நாகமணி: சண்டை நடக்கிற காலத்துல சர்க்காரு எதுக்கு மாமா ஆளை ஓட விட்டுப் பாக்குது...?

லிங்கம்: வாயை மூடிட்டுத் தேயி!

நாகமணி: தேய்க்கேன். நல்லாவே தேய்க்கேன்.

டாக்டர்: லிங்கம்! ஆஸ்பத்திரியைச் சுற்றிப் பத்துச் சுற்று. நிற்கக் கூடாது. ஓடு!

நாகமணி: ...எட்டு... ஒம்போது... மாமா, நெஞ்சு படபடங்குதா?

லிங்கம்: நெஞ்சை எவன் பாத்தான்... காலுல தீ! ஓடுனாத்தான் காத்துப் படுது!

டாக்டர்: போதும். உட்கார். கையை நீட்டு... ம்...

லிங்கம்: அய்யா, ஏறிருச்சா?

டாக்டர்: பேசாதே... விசித்திரமா இருக்கே! போன தடவை ஓடியதும் நூற்றுத் தொண்ணூறு. இன்றைக்கு நூற்று அறுபதைத் தாண்டவில்லை. காலென்ன இப்படிச் சிவந்து கிடக்கு? தொட்டால் பிசுபிசு... ஐயோ, என் கண்!

நாகமணி: தொட்ட கையோட கண்ணைக் கசக்கலாமா அய்யா? தண்ணியை அள்ளி ஊத்துங்க!

டாக்டர்: மிளகாயா! அடப்பாவிகளா... உழைக்கிற சதை இதயத்துக்குச் சேதி அனுப்பும், அழுத்தம் ஏறும். இந்த எரிச்சலில் அந்தச் சேதி மங்கிவிட்டதோ... தோலுக்கு ரத்தம் பரவிவிட்டதோ... நான் படித்த புத்தகத்தில் இது இல்லை.

லிங்கம்: அப்ப செல்லாதா?

டாக்டர்: ஓடுவதற்கு முன்னால் பார்த்தபோது இரண்டு தடவையும் சரியாகத்தான் இருந்தது. போன தடவை பயத்தில் ஏறியிருக்கும். தேறிவிட்டாய், போ! எனக்குக் கண் கழுவணும்.

லிங்கம்: நாகமணி! பாஸு புள்ள, பாஸு! ஏன், மூஞ்சி தொங்குது?

நாகமணி: எந்தக் கப்பல்ல ஏத்துறாக?

லிங்கம்: கப்பலா?

நாகமணி: பட்டாளத்துக்குத்தான... பர்மாவா?

லிங்கம்: பாலவனத்தம்டி!

நாகமணி: என்னது?

லிங்கம்: பக்கத்துல இருக்கிற அந்த ஊருக்குத் தபால் பை தூக்கி ஓடுற வேலை. காலையில போனா மத்தியானக் கஞ்சிக்கு வீட்டுல இருப்பேன். ஒரு தடவை தோத்தவன், மறுபடியும் தோத்தா நீ சிரிப்பியேன்னு சொல்லல.

நாகமணி: அடப் பாவி மாமா... நாலு நாளா எனக்குச் சோறு எறங்கல!

லிங்கம்: ஆனா ஒண்ணு... இந்த வேலை உன் கை எண்ணெய் வாங்கிக் குடுத்தது. எப்படிப் புள்ள தெரியும், மொளகா தேய்ச்சா கொதிப்பு ஏறாதுன்னு?

நாகமணி: ஏறாதுன்னு எவ கண்டா? மொளகா சூடு, உன் ரத்தம் நல்லாக் கொதிக்கட்டும், உன்னை எனக்கே திருப்பி அனுப்பிருவாகன்னுதான் ரெண்டு கை போட்டேன்!