காவலாளியை நீக்கிய பதிப்பு

பரணைச் சுத்தம் செய்கிறவன் எதையாவது தூக்கிப் போடத்தான் வேண்டும். எல்லாமே வேண்டுமென்றால் ஏணி எதற்கு, ஐயா?

பதினோரு வருடங்களுக்கு முன் நானும் என் மைத்துனனும் ஒரு வெப் ஃபிரேம்வொர்க் எழுதினோம். இணையதளம் கட்டுகிறவர்களுக்கு அது அடித்தளம். ஓபன் சோர்ஸ் என்பதால் யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம். எடுத்தவர்கள் என்னையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். சாப்பிட உட்கார்ந்தால் ஒரு புகார், குளித்துவிட்டு வந்தால் ஒன்பது. "எனக்கு நெஜமாவே ஒரு சக்களத்தி இருந்திருந்தா, ஞாயித்துக்கிழமையாவது உங்கள விட்டிருப்பா" என்பாள் மனைவி.

புகார்களில் பாதி, நாங்கள் 'காவலாளி' என்று பெயர் வைத்த பகுதியைப் பற்றியவை. ஒரே பட்டனை ஒருவர் இரண்டு தடவை அழுத்திவிட்டால் இரண்டாவதை அது தடுக்கும். அதன் சூட்சுமம் எனக்கு மட்டும்தான் பிடிபட்டது. அது இருக்கும்வரை எனக்கு விடுதலை இல்லை.

எல்லாவற்றையும் இலேசாக்கித் திருப்பி எழுதலாம் என்று மைத்துனன்தான் ஆரம்பித்தான். சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பித் திட்டம் போட்டோம்.

"எதை வேணா வெட்டுங்க அத்தான். காவலாளி மேல மட்டும் கை வைக்காதீங்க. அவனை நம்பி ஒரு ஆஸ்பத்திரியே ஓடுது."

"சரிடா" என்றேன்.

அந்த மருத்துவமனையின் கணினிப் பொறுப்பாளர், ஓர் அம்மா, எங்கள் திட்டத்தைக் கேள்விப்பட்டு எனக்குப் போன் செய்தார்.

"சார், நர்ஸுங்க அவசரத்துல ரெண்டு தடவை அமுக்கிடுவாங்க. காவலாளி இல்லன்னா மருந்து ரெண்டு மடங்கு ஏறிடும். எடுக்கப்போறீங்கன்னா இப்பவே சொல்லிடுங்க. வேற ஏற்பாடு பண்ண எங்களுக்கு ஆறு மாசமாவது வேணும்."

ஆறு மாதம். உண்மையைச் சொன்னால் அவர் ஊரைக் கூட்டியிருப்பார். நான் மறுபடி மாட்டிக்கொண்டிருப்பேன்.

"எடுக்கலம்மா. புதுசுக்குத் தைரியமா மாறுங்க" என்றேன்.

போனை வைத்த சூட்டோடு காவலாளியின் முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகளை நீக்கினேன். அவற்றைச் சோதிக்கும் வரிகளையும் நீக்கினேன். மைத்துனனின் கணக்கு என் கணினியில் திறந்தே கிடந்ததால் அதிலிருந்தே செய்தேன். கேள்வி வந்தால் அவனிடம் போகட்டுமே. 'சிறு திருத்தங்கள்' என்று குறிப்பெழுதினேன்.

வெளியிட்டபின் மூன்று வாரம் மனைவியோடு கடைத்தெருவுக்கெல்லாம் போய்வந்தேன். நான்காவது வாரம் அந்த மருத்துவமனையில் மருந்து இரண்டு மடங்கு ஏறி ஒரு பெண் இறந்துபோனாள். பித்தப்பை அறுவை முடிந்து மறுநாள் வீடு திரும்ப வேண்டியவள். இரண்டு பிள்ளைகள்.

"இருக்குன்னு சொன்னீங்களே, சார்" என்றார் அந்த அம்மா. அவர் குரல் உயரவேயில்லை.

"என் மைத்துனன் எடுத்திருப்பான்மா" என்றேன்.

அவனை நீங்கள் ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்து எட்டு நாளாகிறது. வீட்டில் அடுப்பு எரியவில்லை. "என் தம்பி எறும்பைக்கூட மிதிக்க மாட்டான். நீங்க போய்ச் சொல்லுங்க" என்று மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

சொல்கிறேன். அவன் செய்யவில்லை. என்ன நடக்கும் என்று தெரிந்தே நான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

மனசாட்சி உறுத்தியதால் நான் வந்ததாக எழுதிக்கொள்ளுங்கள். அவன் உள்ளே வந்த நாளிலிருந்து அத்தனை புகார்களும் என் ஒருவன் தலையில்தான் விழுகின்றன என்பது உண்மை. ஆனால் அதற்காக நான் வரவில்லை. நீங்கள் என்னை வைக்கப்போகிற இடத்தில் கம்ப்யூட்டர் கிடையாது என்கிறார்கள். அதை மட்டும் கொஞ்சம் விசாரித்துச் சொல்ல முடியுமா?