தவணை கூடிய மாதம்

எனக்குச் சத்தமாகப் பேச வராது, மேடம். திருச்சுழி வங்கியில் பலநாள் வரிசையில் நின்றுவிட்டுக் கேட்காமலே திரும்பியிருக்கிறேன். கல்விக் கடன் தவணை திடீரென்று இரண்டு மடங்கு ஆனது ஏன் என்ற ஒரு கேள்விதான். கடைசியில் கேட்டேன். "சிஸ்டத்துல அப்படித்தாம்மா வருது. மேனேஜர் லீவு" என்றார்கள்.

நான் பி.எஸ்ஸி. வேதியியல். வேலை கிடைக்காததால் சித்தப்பா முனீஸ்வரனின் கரிமூட்டத்தில் கூலிக்கு இருந்தேன். சீமைக்கருவேல் விறகை அடுக்கி, மண் போட்டு மூடி, நாள்கணக்கில் உள்ளே புகையவிடுவோம்.

தவணை கூடிய அந்த வாரம் சித்தப்பா வங்கியிலிருந்து வெளியே வந்ததைப் பார்த்ததாகப் பக்கத்து வீட்டு மாரிக்கனி அக்கா சொன்னார். எனக்குப் புரிந்துவிட்டது. நான் சம்பாதிப்பதாகச் சித்தப்பா அங்கே சொல்லியிருக்கிறார். அதனால்தான் வட்டிச் சலுகையை எடுத்துவிட்டார்கள். அவர் வாய் அப்படி. "ஏலே, நம்ம மூட்டத்துக்கு சயின்டிஸ்டு வந்தாச்சு, இனிமே கரி வெள்ளையா வரும்" என்று லோடு ஏற்ற வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

அவரிடமே கேட்டிருக்கலாம். எனக்குக் கேட்க வரவில்லை.

மூட்டம் எரியும்போது சில இடம் உள்வாங்கும். மேலே மண் அப்படியே இருக்கும், அடியில் பள்ளமாகி நெருப்பு இருக்கும்; கால் வைத்தால் உள்ளே இறங்கிவிடும். காவல் இருப்பவர் கம்பால் தட்டிப் பார்த்து, அந்த இடத்தில் வேப்பங்கொப்பைச் செருகிவைக்க வேண்டும். வெடிப்பில் மண் போட ஏறுகிறவர் கொப்பைப் பார்த்து விலகி நடப்பார்.

அன்று காவல் நான். மதியம் சித்தப்பா சாப்பாட்டுத் தூக்கோடு வந்தார்.

"என்ன தாயி, எங்கயும் உள்வாங்கிருக்கா?"

"இல்ல சித்தப்பா."

"தூக்குல கருவாட்டுக் கொழம்பு இருக்கு. சயின்டிஸ்டு மொதல்ல சாப்புடுங்க" என்று மண்வெட்டியோடு ஏறினார்.

காலையில் கொப்பைச் செருகியது நான். அவர் வருவதைப் பார்த்ததும் பிடுங்கியதும் நான்தான். உள்ளே எவ்வளவு சூடு இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் அதிக நேரம் சத்தம் போடவில்லை.

சித்தப்பாவின் காரியம் முடிந்து வங்கிக்குப் போனேன். மேனேஜர் இருந்தார். நான் படித்த காலத்து வட்டி முதலோடு சேர்ந்துவிட்டதாம். எல்லாருக்கும் அப்படித்தானாம்.

"ஒங்க சித்தப்பாவும் வந்து கேட்டாக. பாதித் தவணைய எங்கணக்குல புடிங்க, புள்ளைக்குத் தெரிய வேணாம்னு சொல்லிட்டுப் போனாக" என்றார்.

இப்போது சித்தப்பாவின் கணக்கை நிறுத்திவிட்டார்கள். முழுத் தவணையும் என் தலையில். கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் தவணை விஷயத்தில் எனக்கு நடந்தது அநியாயம், மேடம். அதையும் சேர்த்து எழுதுங்கள்.