கிராபிக்ஸ் கார்டில் மிச்சம் பிடித்தது

கம்ப்யூட்டர் கேபினட்டில் கலர் கலராக விளக்கு எரிவதற்குக் காசு கொடுக்காதீர்கள். பையன் முதல் வாரம் மட்டும்தான் அதைப் பார்ப்பான். அந்தக் காசை வேறு பொருளில் போடலாம்.

தொம்மை சார், பையனுக்குக் கம்ப்யூட்டர் வாங்குவது பற்றி நீங்கள் நேற்று இந்த குரூப்பில் போட்ட கேள்விக்கு இதுவரை நாற்பது பேர் பதில் எழுதிவிட்டார்கள். எல்லாரும் சின்ன வயசுக்காரர்கள். பிராசஸர் பெயரைச் சொல்லிச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். நீங்கள் கடைசியில் எழுதிய வரியை யாரும் படித்த மாதிரி தெரியவில்லை. ‘பட்ஜெட் அறுபதாயிரம். ஊர் விழுப்புரம். பையன் பைக்கை எடுத்துக்கொண்டு சுற்றாமல் வீட்டில் இருந்தால் போதும்’ என்று எழுதியிருந்தீர்கள். நான் அந்தக் கடைசி வரிக்குப் பதில் எழுதுகிறேன்.

என் பெயர் சீனுவாசன். ஐம்பத்திரண்டு வயது. கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில் வீடு. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே ஹைவேயில் ரெகவரி கிரேன் ஓட்டுகிறேன். அடிபட்ட வண்டியைத் தூக்கி ஓரம் கட்டுவது என் வேலை. ஆளை ஆம்புலன்ஸ் கொண்டுபோய்விடும். வண்டியும், செருப்பும், டிபன் பாக்ஸும் எனக்கு. பதினேழு வருடத்தில் நான் தூக்கிய பைக்குகளில் பாதிக்கு மேல் ஹெல்மெட் டேங்க் மேல் மாட்டியபடியே இருந்தது. எனக்கும் ஒரே பையன், கோகுலகிருஷ்ணன். பாலிடெக்னிக் முடித்துவிட்டு வந்தபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. பைக் கேட்டான். நான் கம்ப்யூட்டர் வாங்கித் தருகிறேன் என்றேன்.

விழுப்புரத்தில் ஆரோக்கிய ஜெனித் என்று ஒரு தம்பி, பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாடியில் கடை வைத்திருக்கிறார். பார்ட்ஸ் வாங்கி அசெம்பிள் பண்ணித் தருவார். நல்ல பிள்ளை. என்னை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டார்.

“பையன் எந்த கேம் ஆடுவாருங்க சார்?”

“எது ஆடுனா எழுந்திரிக்க மாட்டான்?”

அவர் சிரித்துவிட்டார். “இதுவரைக்கும் எந்த அப்பாவும் இப்டி கேட்டதில்ல சார். ஆன்லைன்ல டீமா ஆடுறதுதான். நடுவுல ஒன்னுக்குப் போனாக்கூட கூட ஆடுறவன் திட்டுவான்.”

“அப்ப அதுக்கு இன்னா வேணுமோ அத போடு.”

இங்கேதான் நான் உங்களுக்கு முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். எல்லாம் இருந்தால் பையனுக்கு மூன்று மாதத்தில் சலித்துவிடும். ஏதோ ஒன்று குறைவாகவே இருக்க வேண்டும். அது எப்போது வரும் என்று அவன் காத்திருக்க வேண்டும். அதனால் நான் முதலில் கிராபிக்ஸ் கார்டே வாங்கவில்லை. படம் காட்டும் வேலையையும் தானே பார்த்துக்கொள்ளும் பிராசஸராகப் போட்டேன். ரேம் எட்டு ஜிபி ஒன்று. இன்னொன்றுக்கு இடம் காலி. பவர் சப்ளை மட்டும் தேவைக்கு மேல் பெரியதாக வாங்கினேன். ‘இவ்ளோ பெருசு இப்ப வேணாமே சார்’ என்றார் ஜெனித். பின்னால் ஒவ்வொன்றாகச் சேர்க்கப்போகிறேன், அதற்குத் தாங்க வேண்டும் என்றேன்.

யூபிஎஸ் கட்டாயம். இதை யாரும் உங்களுக்கு எழுதவில்லை. நம்ம பக்கம் நினைத்த நேரத்தில் கரண்ட் போகும். கரண்ட் போனால் பையன் எழுந்திருப்பான். எழுந்தால் வாசலுக்கு வருவான். வாசலுக்கு வந்தால் ரோடு.

முதல் வருடம் நன்றாகப் போனது. நான் ஷிப்டு முடித்து வரும்போது அவன் ரூமில் பேச்சுக்குரல் கேட்கும். எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகளோடு பேசிக்கொண்டு விளையாடுவான். அந்தச் சத்தத்தைக் கேட்டால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். என் மனைவி கவிதாவுக்குத்தான் பிடிக்கவில்லை.

“வயசுப் புள்ள இப்டி அடைஞ்சிக்கினு கெடக்குதே, ஒரு கல்யாணம் காட்சிக்கு வருதா?” என்பாள்.

“கெடக்கட்டும்,” என்பேன். “கெடக்குறவன் உசுரோட கெடக்குறான்.”

அந்த வருடக் கடைசியில் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியிலிருந்து இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். அவன் குளித்துக்கொண்டிருந்தான். போனை நான் எடுத்தேன். பையனுக்கு வேறு இடத்தில் ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டு, வந்த நம்பரை அழித்துவிட்டேன். அங்கே வேலைக்குப் போனால் வாரக்கடைசியில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவான், இல்லை கூட வேலை செய்கிறவன் பைக்கில் பின்னால் உட்காருவான். அன்று சாயங்காலமே விழுப்புரம் போய் இரண்டாவது ரேம் வாங்கி வந்தேன். அவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். பெரிய பையனான பிறகு அவன் அப்படிச் செய்தது அன்றுதான்.

இனி நான் செய்த தப்பைச் சொல்கிறேன்.

இரண்டாம் வருடம் கார்டு வாங்கும் நேரம் வந்தது. எட்டு ஜிபி கார்டு ஒன்றை ஜெனித் காட்டினார். பக்கத்திலேயே யாரோ ஓட்டிவிட்டு விற்ற நாலு ஜிபி கார்டு ஒன்றும் இருந்தது. எட்டாயிரம் ரூபாய் வித்தியாசம்.

“சார், இது ஒரு வருசம்கூட தாங்காது. புது கேம் வந்தா திக்கித் திக்கி ஓடும். பையன் வெறுத்துப் பூடுவான்,” என்றார்.

அவர் சொன்னதை நான் கேட்டிருக்க வேண்டும். பழைய கார்டையே வாங்கிக்கொண்டு வந்தேன். அவர் சொன்ன மாதிரியே எட்டாம் மாதம் புது கேம் ஒன்று வந்தது. எல்லாப் பிள்ளைகளும் அதற்குப் போய்விட்டார்கள். இவன் மிஷினில் அது திக்கியது. இவன் திரும்பிச் சுடுவதற்குள் இவனைச் சுட்டுவிடுகிறார்கள் என்று டீமில் சேர்க்கவில்லை. மானத்தை விட்டு என்னிடம் கேட்கவும் மாட்டான். கொஞ்ச நாள் சும்மா உட்கார்ந்திருந்தான்.

அப்போதுதான் தெருக்கோடி வல்லரசு வீட்டுக்கு வர ஆரம்பித்தான். இவனோடு பத்தாவது வரை படித்தவன். ஜன்னலுக்கு வெளியே நின்று கூப்பிடுவான்.

“இன்னா கோழி, ரெண்டு வருசமா அடைகாக்குறியே, ஒரு குஞ்சாவது பொரிஞ்சிதா?”

“போடா, நீ ஓடுறதுக்கு ஆம நடந்து பூடும்.”

“அப்ப எழுந்து வா, பாக்கலாம்.”

இவன் எழுந்து போனான். வல்லரசு போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடிப் பழகிக்கொண்டிருந்தான். இவனும் ஓட ஆரம்பித்தான். விடியற்காலையில் சர்வீஸ் ரோட்டில், பிறகு ஹைவேயின் ஓரத்தில். மூன்று மாதத்தில் உடம்பு இறுகியது. நன்றாகச் சாப்பிட்டான். அம்மாவிடம் கிண்டலாகப் பேசினான். கவிதா மல்லாட்டைக் கடலையை ஊற வைத்து ஒரு கிண்ணத்தில் போட்டு வாசலிலேயே வைத்திருப்பாள். வீட்டில் எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். கம்ப்யூட்டர் மேல் துணி போட்டு மூடியிருந்தது.

அந்த மார்கழியில் விக்கிரவாண்டி டோல் தாண்டி ஒரு லாரியை எடுக்கப் போனேன். டிரைவர் கண் அசந்துவிட்டிருந்தார். ஓரமாக ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் இரண்டு பேர் மேல் லாரி ஏறிவிட்டது. இதே செலக்‌ஷனுக்குப் பழகியவர்கள். லாரியைத் தூக்கியபோது ஒரு ஷூ மட்டும் கிடைத்தது. அதே கம்பெனி ஷூதான் கோகுலும் போட்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். “ரோட்ல ஓடாதடா.”

“கிரவுண்டு இன்னா நம்ம வூட்டுக்குப் பின்னாடியா இருக்குது? நீயுந்தான் பதினஞ்சு வருசமா ரோட்ல இருக்குற. ஒன்னும் ஆவலையே.”

எழுத்துத் தேர்வில் பாஸ் செய்துவிட்டான். எங்கள் வகையறாவில் அரசாங்க வேலைக்கு இவ்வளவு பக்கத்தில் போனவன் யாரும் இல்லை. மிச்சம் இருந்தது விழுப்புரத்தில் நடக்கும் உடல் தகுதித் தேர்வு. ஆயிரத்து ஐந்நூறு மீட்டரை ஏழு நிமிஷத்தில் ஓட வேண்டும். இவன் ஆறுக்குள் ஓடினான். தேர்வுக்குப் பதினோரு நாள் இருந்தது. தேர்வானால் டிரெயினிங், பிறகு ஏதாவது ஒரு ஊர், ஒரு பைக், ஹைவேயில் நின்று லாரியைக் கைகாட்டி நிறுத்துகிற டூட்டி. அப்படி நின்றவர்களின் பைக்கையும் நான் தூக்கியிருக்கிறேன்.

நான் உடனே ஜெனித்திடம் போனேன். அந்த எட்டு ஜிபி கார்டு வேண்டும், என்ன விலையானாலும் சரி என்றேன்.

“ஸ்டாக் இல்லிங்க சார். சென்னைலயே இல்ல. ரெண்டு வாரம் ஆவும்.”

“பத்து நாள்ல முடியாதா?”

“ஜல்தியா வாங்கித் தர்றதுக்கு அது இன்னா வடையா சார்?”

இரண்டு வாரம் என்றால் தேர்வு முடிந்து மூன்றாம் நாள். நான் வேறு இரண்டு கடையில் கேட்டேன். திண்டிவனத்தில் கேட்டேன். புதுச்சேரிக்கும் போய் வந்தேன். எங்கும் இல்லை. நான் முயற்சி செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

தேர்வு நாள் காலை ஆறரை மணி. ஷிப்டு முடித்து கிரேனை வீட்டுச் சந்துக்கு எடுத்து வந்திருந்தேன். வல்லரசு பைக் எடுத்து வரப் போயிருந்தான். கோகுல் கேட்டுக்குப் பக்கத்தில் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தான். வலது கால் மடங்கியிருந்தது. இடது கால் நீட்டியிருந்தது. தலை குனிந்திருந்தான். காதில் பாட்டு. நான் வண்டியைத் திருப்பி நிறுத்துவதற்காகப் பின்னால் எடுத்தேன்.

கண்ணாடியில் எல்லாம் தெரிந்தது. நான் ஒரு ஜாண் இடைவெளியில் டேங்கரையே நகர்த்துகிறவன். பின் சக்கரம் பாதத்தின் முன்பகுதி மேல் மட்டும் ஏறியது. கணுக்காலுக்கு மேல் போனால் ரத்தத்தை நிறுத்துவது கஷ்டம், அதை ரோட்டில் பார்த்திருக்கிறேன். அதனால் உடனே முன்னால் எடுத்துவிட்டேன். கீழே குதித்து, என் துண்டால் இறுக்கிக் கட்டியதும் நான்தான். முதலில் அவனுடைய இரண்டு கையையும் விரித்துப் பார்த்தேன். கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகக்கூடாது என்று கவனமாக இருந்தேன்.

முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் நன்றாகப் பார்த்தார்கள். பாதத்தின் பாதியை எடுக்க வேண்டியிருந்தது. போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். கவனக்குறைவு என்று எழுதினார்கள். அவர்களில் ஒருவர் என்னைத் தெரிந்தவர். என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். கவிதா மட்டும் அழவில்லை. வராந்தாவில் என் எதிரே வந்து நின்றாள்.

“ஊர்ல ஒரு கோழிக்குஞ்சு மேல ஏத்துனதில்ல நீ,” என்றாள். “உன் புள்ள காலுதான் தெரியலையா உனக்கு?”

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. சோறு வைப்பாள். வேளை தவறியதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவன் வருவதற்குள் புதுக் கார்டு வந்துவிட்டது. ஜெனித்தே வீட்டுக்கு வந்து மாட்டிக் கொடுத்தார், கூலி வாங்கவில்லை. ரூமில் மேஜையைத் தாழ்வாக மாற்றினேன், கால் வைக்க ஒரு மெத்தை தைத்தேன். இப்போது எந்தக் கேமும் திக்காது. அவன்தான் அதை ஆன் பண்ணுவதில்லை. நாள் முழுக்க அதன் எதிரே உட்கார்ந்திருக்கிறான். ஆரம்பத்தில் நானே ஆன் பண்ணி வைத்துவிட்டு வேலைக்குப் போவேன். வல்லரசுக்கு வேலை கிடைத்து டிரெயினிங் முடிந்துவிட்டது. யூனிபார்மோடு ஒருநாள் பார்க்க வந்தான். இவன் கதவைத் திறக்கவில்லை.

இதையெல்லாம் நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், நீங்கள் பழைய கார்டில் மிச்சம் பிடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பிடிக்காதீர்கள். அன்று அந்த எட்டாயிரத்தை நான் பார்க்காமல் இருந்திருந்தால், என் பிள்ளை எழுந்தே போயிருக்க மாட்டான். அவன் காலும் முழுசாக இருந்திருக்கும். நம்ம கையில் இருப்பது அவ்வளவுதான். மற்றபடி ஒரு தகப்பன் என்ன செய்ய முடியும்.

பதினான்கு மாதமாக அவன் என்னிடம் பேசாமல்தான் இருந்தான். போன ஞாயிற்றுக்கிழமை நான் மெத்தைக்கு உறை மாற்றிக்கொண்டிருந்தபோது, திரையைப் பார்த்தபடியே கேட்டான்.

“யப்பா, இன்னொரு காலு இருக்குது. அதுக்கு இன்னா வாங்கித் தருவ?”

கொஞ்சம் கொஞ்சமாக மனசு தேறி வருகிறான். இத்தனை நாள் கழித்து வாய் திறந்து ஒன்று கேட்டிருக்கிறான். நல்ல மானிட்டராக ஒன்று எடுத்து வைக்கும்படி ஜெனித்திடம் சொல்லியிருக்கிறேன்.