பையை விடச் சொன்னவர்

என் பெயர் சாலோமி, வயது 45, கணவர் பெயர் ஜெபசீலன். பாளையங்கோட்டையில் தேவாலயத்துக்குப் பின்தெருவில் சொந்த வீட்டில் குடியிருக்கிறேன். தொடக்கப் பள்ளி ஆசிரியை. எங்கள் சபைப் பெண்கள் சங்கத்துக்குச் செயலாளராகவும் இருக்கிறேன். மலைப் பயிற்சி முகாமுக்குப் போன இடத்தில் காட்டோடையில் அடித்துச் செல்லப்பட்டு இறந்த பிரிஸில்லா என் ஒரே மகள். பதினொன்றாம் வகுப்பு படித்து வந்தாள். முகாமின் பயிற்சியாளர் ஹெப்ரான் என்பவர் மீது என் கணவர் கொடுத்த புகார் தொடர்பாக, யாரும் அழைக்காமல் நானாகவே வந்து இதைச் சொல்கிறேன். நான் வந்திருப்பது என் கணவருக்குத் தெரியும். அவருக்கு இதில் சம்மதம் இல்லை.

காலாண்டு விடுமுறையில் பிள்ளைகளைப் பாபநாசத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் தங்கவைத்து, காட்டில் நடக்கவும் ஓடையைக் கடக்கவும் பழக்குவதாக முகாம் நடத்துகிறவர்கள் சொன்னார்கள். அனுப்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபை மண்டபத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தது. ஹெப்ரான் முதுகில் ஒரு பெரிய பையை மாட்டிக்கொண்டு முன்னால் நின்று பேசினார். பாறை வழுக்கும், பாம்பு உண்டு, மேலே மழை பெய்தால் ஓடையில் திடீரென்று தண்ணீர் ஏறும் என்றார். அதன் பிறகு, "எவ்வளவு கவனமா இருந்தாலும் உயிருக்கு ஆபத்து வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். அதைத் தெரிஞ்சு, ஒத்துக்கிட்டு அனுப்புங்க" என்றார்.

அப்போது நான் எழுந்து நின்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "தம்பி, நல்ல காரியத்துக்குப் பிள்ளைகளை அனுப்புதோம். இங்கன வந்து சாவு, பாம்புன்னு அவிசுவாசமாப் பேசாதீங்க. ஜெபம் பண்ணி அனுப்புவோம்" என்றேன். பல பேர் ஆமென் சொன்னார்கள். நானே ஜெபத்தை நடத்தினேன். என் ஜெபம் தொடங்கினால் உலையில் போட்ட அரிசி குழைந்துவிடும் என்று சங்கத்துப் பெண்கள் கேலி செய்வது உண்டு, அன்றைக்கும் நீளமாகத்தான் செய்தேன். முடித்துக் கண்ணைத் திறந்தபோது ஹெப்ரான் பையைக் கழற்றாமல் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். மற்றவர்கள் தேநீர் குடிக்க எழுந்துவிட்டார்கள். சம்மதத் தாளில் எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். என் கணவர் வாசிக்காமல் போட்டார். நான் வாசித்துவிட்டுத்தான் போட்டேன்.

அதன் பிறகு வாசலில் ஹெப்ரான் என்னிடம் தனியாக வந்து, "டீச்சர், சொல்ல வந்ததுல ஒண்ணு பாக்கி இருக்கு. ஓடையில தண்ணி இழுத்தா முதல்ல பையை விடணும். நான் அங்க வச்சு எத்தனை தடவை சொன்னாலும் பிள்ளைகளுக்கு வீட்டுல சொல்லுததுதான் மனசுல நிக்கும். பையைப் போட்டுட்டு வந்தா ஏச மாட்டோம்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க" என்று கேட்டுக்கொண்டார். நான் சரி என்றேன். ஒரு பைக்கு இத்தனை பேச்சா என்றுதான் அப்போது நினைத்தேன்.

எங்கள் வீட்டில் அந்த மாதிரிப் பை கிடையாது. என் கணவரின் தங்கை ஸ்வீட்லின் வீட்டில் ஒரு நீலப் பை இருந்தது. அவள் வீட்டுக்காரர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. அதை இரவல் வாங்கினேன். முன்பு ஒரு தடவை அவளிடம் வாங்கிய இட்லிக் கொப்பரையின் மூடி நசுங்கிப்போய், அதை வீட்டு விசேஷம் ஒவ்வொன்றிலும் எல்லார் முன்னாலும் சொல்லிக்காட்டி வந்தாள். அந்த எரிச்சல் எனக்கு உண்டு. பிள்ளைகள் புறப்பட்ட காலையில் வேனில் ஏறப்போன என் மகளிடம், "எது போனாலும் பையை விட்டுட்டு வந்துராத. உங்க அத்தை வாயில என்னால விழ முடியாது" என்று சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டு, "சரிம்மா, கட்டிப்பிடிச்சுக்கிட்டே தூங்குதேன், போதுமா" என்றாள். அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

ஓடையில் நடந்ததை நான் பார்க்கவில்லை. அவளோடு போன முத்துராணி என்ற மாணவி, அடக்கம் முடிந்த பிறகு என்னிடம் சொன்னாள். பிள்ளைகள் கயிற்றைப் பிடித்து வரிசையாகக் கடந்துகொண்டிருக்கும்போது தண்ணீர் கலங்கி ஏறியிருக்கிறது. அங்கே நல்ல வெயிலாம். அடிவாரத்தில் வெயில் அடித்தாலும் மலையில் மழை கொட்டும் என்பது, தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த எனக்குத் தெரியாததல்ல. "பையை விடுங்கன்னு சார் கத்தினாங்க, ஆன்ட்டி. நாங்கள்லாம் விட்டுட்டோம். பிரிஸில்லா மட்டும் தோள்ல இருந்து கழத்திட்டு, கையில வாரைப் பிடிச்சுக்கிட்டே நின்னா" என்று முத்துராணி சொன்னாள். ஒரு கையில் பை இருந்ததால் மற்றக் கையால் மட்டும் கயிற்றைப் பிடித்திருக்கிறாள். அந்தப் பிடி நழுவிவிட்டது. அவள் பின்னாலேயே குதித்த ஹெப்ரான் தோள்பட்டை உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

அதன் பிறகு என் கணவர், ஆபத்து எதையும் எங்களுக்கு எடுத்துச் சொல்லாமல் பிள்ளையைக் கூட்டிப்போய்விட்டார்கள் என்று புகார் எழுதிக் கொடுத்தார். அவர் எழுதும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன், எதுவும் பேசவில்லை. அந்த வேளையில் யார் மேலாவது பழி விழுந்தால் போதும் என்று இருந்தது. இப்போது ஹெப்ரானைக் கைது செய்யப் போவதாகக் கேள்விப்பட்டேன். அன்றைக்கு ஓடையில் பிள்ளைகளை இறக்கியது சரியா தப்பா என்பதை விவரம் தெரிந்தவர்கள் விசாரித்துச் சொல்லட்டும். ஆனால் அவர் சொல்லவில்லை என்பது பொய். அவர் சொன்னார். சொல்லவிடாமல் நிறுத்தியது நான்.

ஓடையில் அது நடந்ததற்கு மறுநாள் கீழே ஒரு வாய்க்கால் மதகில் பை கிடைத்தது. தற்போது இந்தக் காவல் நிலையத்தில் இருக்கிறது. ஸ்வீட்லின் வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜிப்பு போன பை மைனி அது. திருப்பித் தராட்டாலும் நான் கேட்டிருக்கவே மாட்டேன்" என்று அழுதாள். அவள் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை.

மேலே உள்ளதெல்லாம் நான் சொன்னது, நடந்தது. யாரும் சொல்லிக்கொடுத்து நான் பேசவில்லை. அதிகாரி எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார், சரியாக இருந்தது. வாசித்த பிறகு இன்னும் ஒன்றைச் சேர்க்கும்படி கேட்டேன், அதையும் எழுதிக்கொண்டார். அன்று பையை விட்டுவிட்டு என் மகள் கரையேறி வந்திருந்தால் நான் ஏசியிருப்பேன். அது அவளுக்குத் தெரியும்.

(ஒப்பம்) ஜெ. சாலோமி