எவனோ ஒரு பய

அந்த டென்னிஸ் ஸ்டாருக்கு நான் சொந்தமான்னா கேக்குறீங்க? இல்ல டிரைவரண்ணே, அந்தக் கொடுப்பினை எனக்கு இல்ல. டிவியில அவரு பயிற்சி எடுக்குறதக் காட்டும்போது எதிர்ப்பக்கம் ஒரு முதுகு தெரியும்ல, அது நான். ப்ராக்டிஸ் பார்ட்னர். என்னவிட சின்னவருதான், ஆனா சார்னுதான் கூப்பிடணும். டென்னிஸ்ல அது ஒரு விதி போல.

வேலையா? நாளைக்கு அவரு யாரோட மோதுறாரோ, இன்னைக்கு நான் அந்த ஆளா மாறணும். ஒருத்தன் நெட்டுக்கு ஓடி வருவான், ஒருத்தன் பின்னாடியே நின்னு பொழுதன்னைக்கும் பந்தத் திருப்பிப் போடுவான். எல்லாரும் நான்தான். ஆனா ஜெயிச்சுடக் கூடாது, அவருக்கு மூடு போயிடும். ரொம்பத் தோத்துடவும் கூடாது, இவனுக்கு எதுக்குச் சம்பளம்னு கேப்பாரு.

ஜெயிச்சா பேட்டியில கோச்சுக்கு நன்றி, அம்மாவுக்கு நன்றி, வீட்டு நாய்க்கு நன்றி. அதுவும் நாய்க்குப் பேரு சொல்லி. தோத்தாதான் என் ஞாபகம் வரும். போன தடவ ஒரு நெட்டையன் சர்வீஸ எடுக்க முடியாமத் தோத்துட்டு, நீ அவன மாதிரி உசரத்துலேருந்து போடலன்னு என்னப் புடிச்சுத் திட்டுறாரு. உசரத்துக்கு எங்கம்மாவையில்ல கேக்கணும்?

போன வாரம் ஷாம்பு விளம்பரத்துக்கு நடிக்கப் போயிட்டாரு. எனக்கு லீவு. லீவுல என்ன பண்ணேன்னு யாரும் கேக்கல, நானும் சொல்லல.

காலைல கோச் போன் பண்றாரு. நாளைக்கு முதல் ரவுண்டுல, தகுதிச் சுத்துல ஜெயிச்சு உள்ள வந்த எவனோ ஒரு பயலாம். பேரக்கூடப் பாக்கலயாம், பாத்து என்ன ஆகப்போகுதாம். அவன் எப்படி ஆடுவான்னு விசாரிச்சுட்டு வந்து அதே மாதிரி ஆடிக் காட்டுன்னாரு. சரி சார்னுட்டேன். வாய் பழகிப்போச்சு.

விசாரிக்காம என்ன? காலைலேருந்து அதே யோசனைதான். வருஷக்கணக்கா அந்தப் பய அடுத்தவன் ஆட்டத்தையே ஆடியிருக்கான். தகுதிச் சுத்துலயும் ஒருத்தன் சர்வீஸு, இன்னொருத்தன் பேக்ஹேண்டுன்னு ஒட்டுப்போட்டுத்தான் ஓட்டுனான். கடைசி மேட்ச்சுல, தோத்தாச்சுன்னு நெனச்சப்ப, கை தானா ஒண்ணு அடிச்சுது பாருங்க. குறுக்க, தாழ்வா. அது யாரு ஷாட்டுன்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன், யாரோடதும் இல்ல. அழுகையே வந்துடுச்சுண்ணே.

என்னை எதுக்குப் பாக்குறீங்க, ரோட்டப் பாருங்க. ஆமா, அந்தப் பய நான்தான்.

போய் ஆடிக் காட்டத்தான் போறேன், வேலைன்னு ஒண்ணு இருக்குல்ல. அந்த ஷாட்ட மட்டும் அவரு நாளைக்கு மேட்ச்சுல பாத்துக்கட்டும்.