இழுத்துப் பார்க்காத மூச்சு

எட்டு வாரம் ஆகும் என்று நான் சொன்னால் எட்டு வாரம் ஆகும். அதை யாரும் பெரிய குறையாகச் சொன்னதில்லை. தண்ணீருக்கடியில் மூச்சு விட உதவுகிற கருவியைப் பழுது பார்ப்பது சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிற வேலை இல்லை. உதிரிச் சாமான் கப்பலில் பம்பாய்க்கு வந்து, சுங்கத்தில் கிடந்து, மதராஸ் வியாபாரியின் கைக்குப் போய், அங்கிருந்து பஸ் பார்சலில் மைசூருக்கு வர வேண்டும். ஒரு பொட்டலம் ரப்பர் வளையத்துக்கு அவர்கள் போடுகிற விலையில் ஒரு மாத மளிகையை வாங்கிவிடலாம். அதில் எனக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

நீங்கள் ஓசூர்க்காரர் என்று ஸ்டேஷன் ஏட்டையா சொன்னார். தமிழிலேயே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். எனக்குச் சொந்த ஊர் கொள்ளேகால். பதினாறு வருஷம் கடற்படைக் கிடங்கில் வேலை. முக்குளிப்பவர்கள் வாயில் கவ்வி மூச்சு விடுகிற ரெகுலேட்டர்களைத் திறந்து, கழுவி, சோதித்துக் கொடுக்கிற பிரிவு. ஓய்வு பெற்றபின் மைசூர் விஜயநகரில் வீடு கட்டி, கார் ஷெட்டில் அதே வேலையைத் தொடர்ந்தேன். பெங்களூரிலிருந்தும் மங்களூரிலிருந்தும் டாக்டர்கள், எஸ்டேட்காரர்கள், லட்சத்தீவுக்கு விடுமுறை போகிறவர்கள் தங்கள் முக்குளிப்பு செட்டை அனுப்புவார்கள். வீட்டு வாசலில் நாலைந்து கார் வந்து நிற்கும். மரியாதையான தொழில்.

கெம்பையன் அந்த வரிசையில் சேராதவன். ஆற்றிலும் வாய்க்காலிலும் விழுந்து செத்தவர்களை மேலே எடுத்துக் கொடுப்பது அவன் பிழைப்பு. பெங்களூர் கிளப் ஒன்று கழித்துப் போட்ட பழைய செட்டை யாரோ ஒரு புண்ணியவான் அவனுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டார். அதைத் தூக்கிக்கொண்டு நாலு வருஷத்துக்கு முன் என் கேட்டுக்கு வந்து நின்றான். ஹனூர்ப் பக்கத்து ஆள், தமிழ் பேசினான். எந்தத் தெரு என்று நான் கேட்கவில்லை. கொள்ளேகாலில் வளர்ந்தவனுக்கு ஒருவன் கேட்டைத் திறக்காமல் வெளியே நிற்கிற விதத்திலேயே அது தெரிந்துவிடும்.

சாதி பார்க்கிறவன் என்று எழுதிவிடாதீர்கள். நான் சுத்தம் பார்க்கிறவன். அவன் வேலையை முடிக்காமல் ஒருநாளும் திருப்பி அனுப்பியதில்லையே.

ஆனால் அந்த செட் வரும்போது எப்படி வரும் என்பதை நீங்கள் ஒருமுறை பார்த்திருக்க வேண்டும். வாயில் கவ்வுகிற ரப்பரில் அவன் பல் பதிந்த குழி, அந்தக் குழிக்குள் புகையிலைக் கறை. மூடியைக் கழற்றினால் சேறு, அந்தச் சேற்றில் ஒரு முறை ஒரு நீள முடி. மூன்று நாள் ஊறிய பிணத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மேலே வந்த மனுஷன், அதே கையால் இதைக் கழற்றி அதே வாயால் துப்பியிருப்பான். மகேஸ்வரி, என் மனைவி, அதை வீட்டுக்குள் கொண்டுவர விடமாட்டாள். ஷெட்டின் மூலையில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் கிடக்கும். மற்றவர்கள் செட்டைக் கையால் திறப்பேன். இதை மட்டும் பாத்திரம் தேய்க்கிற தடித்த ரப்பர் உறை போட்டுக்கொண்டு, இடுக்கியால் திறப்பேன்.

எட்டு வாரத்தில் உதிரிச் சாமான் வந்து சேர மூன்று வாரம்தான் ஆகும். வேலை இரண்டு மணி நேரம். இதை அவனிடம் சொன்னதில்லை. மிச்ச நாளெல்லாம் அது வாளியில் கிடந்து காயட்டும், அவன் வாய் பட்ட ஈரம் முழுக்கப் போகட்டும் என்று விட்டுவிடுவேன். அந்த எட்டு வாரமும் அவன் சும்மா இருக்கவில்லை. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு மூச்சை அடக்கிக் குதித்தான். காதில் ரத்தம் வந்தது என்று ஒருமுறை சொன்னான். குறையாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னான்.

இனி நீங்கள் கேட்ட விஷயம். ரெகுலேட்டரின் வாய்ப்பக்கத்தில் நாலணா அகலத்துக்கு ஒரு மெல்லிய ரப்பர் தட்டு உண்டு. விடுகிற மூச்சு அதைத் தள்ளிக்கொண்டு வெளியே போகும். தண்ணீர் உள்ளே வராமல் அதுவே மூடிக்கொள்ளும். அது சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க மீட்டர் தேவையில்லை. காற்றுக் குழாயை அடைத்துவிட்டு, ரப்பரை வாயில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தால் போதும். காற்று வராமல் இறுகி நின்றால் சரி. கொஞ்சமாவது வந்தால், தண்ணீருக்கடியில் அதே வழியாகத் தண்ணீர் வரும். கடற்படையில் முதல் நாள் சொல்லிக் கொடுத்த பாடம் அது. வாயில் வைத்து இழுத்துப் பார்க்காமல் எந்த செட்டையும் வெளியே விடக் கூடாது.

பெங்களூர் டாக்டர்களின் செட்டையெல்லாம் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். அவசரத்தில் கழுவாமல்கூட வைத்து இழுத்ததுண்டு. கடற்படையில் இரண்டு பேர் ஒரே ரப்பரை மாற்றி மாற்றிக் கவ்வி மூச்சு விடப் பழகினோம். அங்கே யார் என்ன என்று தெரியாது. அதனால் ஒன்றும் தோன்றவில்லை.

கெம்பையனுடையதை நான் ஒருமுறையும் வாயில் வைத்ததில்லை. நாலு வருஷத்தில் ஏழு தடவை சர்வீஸ் செய்திருக்கிறேன். ஏழு தடவையும் புது ரப்பர் மாட்டி, வெந்நீரில் அலசி, துணியால் துடைத்து, சோதித்தாயிற்று என்று அட்டை எழுதிக் கட்டினேன். புது ரப்பரானால் என்ன, அதற்குப் பின்னால் இருக்கிற கூடு அவன் நாலு வருஷம் மூச்சு விட்ட கூடுதானே. எச்சில் எச்சில்தான். ஆறு தடவை ஒன்றும் ஆகவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த ஏழாவது தடவை தட்டை மாட்டும்போது கையுறை வழுக்கியது. ஒரு ஓரம் மடங்கினாற்போல் தோன்றியது. விளக்கருகே பிடித்துப் பார்த்தேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. உறையைக் கழற்றிவிட்டு விரலால் தடவியிருந்தால் தெரிந்திருக்கும். இழுத்துப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். மூடியை மாட்டிவிட்டேன்.

போன சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அவன் வந்தான். எட்டு வாரம் முடிய இன்னும் நாலு நாள் இருந்தது. எங்கள் மகள் ஸ்ரீதேவியைப் பெண் பார்க்க மண்டியாவிலிருந்து வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நானே கேட்டுக்குப் போனேன். லாரி டிரைவர் ஒருவர் குளிக்க இறங்கி மடுவில் போய்விட்டாராம். அவர் சம்சாரம் லிங்கம்மா இரண்டு நாளாகக் கரையை விட்டு எழுந்திருக்கவில்லையாம். கயிறு கட்டிக் குதித்துப் பார்த்துவிட்டானாம், ஆழம் எட்டவில்லையாம்.

செட்டை எடுத்து வந்து மதில்மேல் வைத்தேன். அட்டையைப் புரட்டிப் பார்த்தான். அவனுக்குப் படிக்கத் தெரியாது.

"ஒருக்கா வாயில வெச்சு இழுத்துப் பாத்துக்கறனுங்க சார்," என்றான். "பெங்களூர்ல ஒருத்தரு அப்படித்தான் பாப்பாருங்க."

ஆகவே அவனுக்கும் அந்தச் சோதனை தெரிந்திருந்தது. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. அவன் ரப்பரை உதட்டருகே கொண்டு போனான். கூடத்து ஜன்னல் வழியாக மாப்பிள்ளையின் அம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வாசலில், நல்ல காரியம் நடக்கிற நேரத்தில், பிணம் எடுக்கிறவன் ஒருவன் எச்சில் ஒழுக அதைக் கவ்விக்கொண்டு நிற்பதை என்னால் சகிக்க முடியவில்லை.

"அதெல்லாம் நான் பாத்தாச்சு, கெம்பையா," என்றேன். "இங்க வேண்டாம். ஆத்துக்குப் போயி வெச்சுக்க."

"நீங்க பாத்தாச் சரிங்க," என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

கரையில் சிலிண்டரைத் திறந்து மூச்சு விட்டுப் பார்த்திருப்பான். காற்று நன்றாகத்தான் வந்திருக்கும். தட்டு மடங்கியிருப்பது அப்படிப் பார்த்தால் தெரியாது.

மனசாட்சி இல்லாதவன் என்று என்னை நினைக்காதீர்கள். கேசரி பாத் பரிமாறும்போதே அந்த மடிப்பு என் கண்ணில் நின்றது. பாதியில் எழுந்து போனால் வந்தவர்கள் தப்பாக எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு பதினோரு மணிக்குக் கிளம்பினார்கள். உடனே ஒரு புதுத் தட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். ஆமாம், அது கெட்டிருக்கும் என்று தெரிந்துதான் போனேன். தெரியாமல் போனேன் என்று சொன்னால் தட்டை ஏன் எடுத்துப் போனாய் என்று கேட்பீர்கள்.

நான் ஆற்றங்கரைக்குப் போனபோது கெம்பையனைக் கயிற்றோடு இழுத்துக் கரையில் போட்டிருந்தார்கள். டிரைவரின் உடம்பு இன்னும் கீழேதான் இருந்தது. லிங்கம்மா அழுவதை நிறுத்திவிட்டு இவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்து கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். நாடி இருந்தது. மெலிதாக, ஆனால் இருந்தது. மூச்சு மட்டும் இல்லை.

அங்கே இருந்த போலீஸ்காரர் வாயில் ஊதத் தெரிந்தவர்கள் யாராவது உண்டா என்று கன்னடத்தில் கேட்டார். இரண்டு முறை கேட்டார். அங்கே நின்ற முப்பது நாற்பது பேரில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். கடற்படையில் அதற்குச் சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து, நெஞ்சு எழும்பும்வரை ஊத வேண்டும். நாடி இருக்கும்போது ஊதினால் பிழைப்பதற்கு நிறைய வாய்ப்பு உண்டு.

அவன் வாயோரம் நுரையும் சேறும் புகையிலையும் கலந்து வழிந்துகொண்டிருந்தது. நான் கைக்குட்டையை எடுத்து அதைத் துடைத்தேன். இரண்டு பக்கமும் நன்றாகத் துடைத்தேன். பிறகு எழுந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று சொன்னேன். போலீஸ்காரர் என்னை டாக்டர் என்று நினைத்துக்கொண்டார். வேன் வர இருபது நிமிஷம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் நான் பக்கத்திலேயே நின்றேன். நடுவில் அவனாகவே இரண்டு மூன்று முறை மூச்சை இழுத்தான், பார்க்கச் சகிக்கவில்லை.

கைக்குட்டையை ஆற்றில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். பின்வாசல் வழியாகப் போய், உடுத்தியிருந்ததை அப்படியே நனைத்துப் போட்டு, தலை முழுகினேன். சாவு வீட்டுக்குப் போய் வந்தால் எங்கள் வீட்டில் அதுதான் முறை. மகேஸ்வரி யார் போனது என்று கேட்டாள். சொன்னேன். பாவம், நல்ல மனுஷன் என்றாள். அவனுக்காக நான் வருத்தப்பட்டேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு சாவுக்குச் செய்ய வேண்டியதில் நான் எதையும் குறை வைக்கவில்லை.

ஆஸ்பத்திரிக் காகிதத்தில் அவன் உயிர் பிரிந்தது ஒன்று நாற்பதுக்கு என்று போட்டிருக்கிறதாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம். நான் தலை முழுகி முடித்தபோது மணி ஒன்று.